தீட்டு என்று நினைத்த ஐந்து மாதம்

5-2-61, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எட்டரை வரை எதிர் வீட்டு ஓடு தெரியவில்லை. உளுந்து காயப் போட வேண்டும், வெயில் இல்லை.

இந்த டைரி சீனு பொன்மலையிலிருந்து கொண்டு வந்தது, அவன் ரயில்வே ஆபீசில் கொடுத்தது. பொங்கலிலிருந்து வெள்ளையாகவே கிடக்கிறது. முதல் பக்கத்தில் நல்லதாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்போது எழுத நிறைய இருக்கிறது.

1. சுகுணா. என் மகன் சீனுவின் மூத்த பெண். பி.ஏ., பி.டி. எங்கள் இரண்டு பக்கத்திலும் பட்டம் வாங்கிய முதல் பெண். பிலாயில் டீச்சர். வடக்கத்திப் பிள்ளைகளுக்கு இந்தியிலேயே பாடம் நடத்துகிறாளாம். மாப்பிள்ளை அங்கே இரும்பு ஆலையில் இன்ஜினியர்.

2. கண்ணன். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டை யார் தின்றது என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

3. மாலதி. கடைக்குட்டி. பத்தாவது. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். இப்போது வீட்டில் எல்லோருக்கும் அந்த டம்ளரில்தான் காப்பி வேண்டுமாம்.

நான் ஐந்தாவது. முசிறியில். அதிலும் முழுப் பரீட்சைக்கு விடவில்லை.

சுகுணா கடிதம் வந்தது. ஆறாம் மாதம் முடியப் போகிறது. தலைப்பிரசவத்துக்கு மார்ச் இரண்டாம் வாரம் வருகிறாள், மாப்பிள்ளை கூட்டி வருகிறார். வந்ததும் வளைகாப்பு. அவளைப் பார்த்து ஒன்றே முக்கால் வருஷம். ரயிலில் ஏறும்போது என் முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டு போனாள். 

சாயங்காலம். மறுபடி வந்துவிட்டது. இது ஐந்தாவது மாதம். நின்று பன்னிரண்டு வருஷம் ஆன பிறகு, அறுபத்தொரு வயதில் திரும்பவும் தூரம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மருமகள் ஜானகிக்கே நிற்கப் போகிற வயது. வெளியே தெரிந்தால் தெரு சிரிக்கும். சொல்லாமல் விலகி இருக்கவும் முடியாது, தெரிந்தே பூஜை அறைக்குள் போகவும் கூடாது. அதனால் முட்டி வலி என்று சொல்லி மூன்று நாள் உட்கார்ந்துவிடுகிறேன். ஜானகி விளக்கேற்றுகிறாள்.

இனி இங்கேயும் மு.வ. என்றுதான் எழுதுவேன். மாலதி எதையும் பிரித்துப் பார்க்கிற பெண். இந்தப் பக்கத்தைக் கோந்து போட்டு ஒட்ட வேண்டும்.

7-2, செவ்வாய்

மு.வ. மூன்றாம் நாள். பனி குறைவு. உளுந்து காய்ந்தது.

ஒன்றுக்குப் போனால் எரிகிறது. உள்ளே மிளகாய் வைத்த மாதிரி. நூல் மாதிரி வருகிறது, அதுவும் இரண்டாகப் பிரிந்து காலில் தெறிக்கிறது. எழுந்து நாலு அடி வைத்தால் மறுபடி வருகிற மாதிரி. இன்று மட்டும் கொல்லைக்கு ஒன்பது நடை. நம் வீடோ ரயில் நீளம். வாசலிலிருந்து கொல்லைக் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு சொட்டு புடவையில்.

சூடுதான். வெந்தயம் ஊற வைத்துத் தின்றேன். மோர். பார்லிக் கஞ்சி. கேட்கவில்லை.

சமையலறையில் மாலதி: "ஏம்மா, பாட்டிக்கு முட்டி வலி வந்தா கரெக்டா மூணு நாள்தான் இருக்குமா?"

ஜானகி: "உனக்கு என்னடி ஆராய்ச்சி? போய்ப் படி."

"இல்லம்மா, முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டு ஓட்டமா ஓடுறாங்க கொல்லைக்கு."

எல்லாம் கேட்டது. கேட்காத மாதிரி முறத்தைத் தட்டினேன்.

மார்கழி ஏகாதசியும் இப்படித்தான் போனது. அன்று விடியற்காலை உதிரம். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்து நாற்பத்தாறு வருஷம். பிள்ளை பெற்ற தீட்டு, சாவுத் தீட்டு தவிர, சொர்க்க வாசல் நுழையாத ஏகாதசி கிடையாது எனக்கு. எல்லோரும் நனைந்த தலையோடு கிளம்பினார்கள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரு முழுக்க "ரங்கா, ரங்கா" என்று சத்தம். காதைப் பொத்திக்கொண்டேன்.

11-2, சனி

இவரோடு டவுனுக்குப் போனேன். என் வீட்டுக்காரர். குழந்தைக்குத் துணி எடுக்க. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, காப்பியையும் முற்றத்தில் ஊற்றிவிட்டேன். வறட்டு நாக்கோடு போனால் தொந்தரவு இராது என்று கணக்கு.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீரைப் பார்த்தேன். அவ்வளவுதான். முட்டிக்கொண்டு வந்தது.

சின்னக்கடை வீதியில் ஜவுளிக் கடைக்காரர் மல் துணி பிரித்துக் காட்டுகிறார். நான் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறேன். பக்கத்தில் ஒரு பாய் வீட்டு அம்மா, என்னைவிட மூத்தவர், காதோரம் குனிந்து, "பின்னால எங்க வீடுதான், வாங்கம்மா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். நாலு சொட்டு. வெளியே வந்தால் செம்பில் தண்ணீரோடு நிற்கிறார். "எனக்கும் போன வருசம் இப்படித்தாம்மா, கல்லுன்னு சொன்னாங்க. டாக்டர்ட்ட காட்டுங்க." பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

திரும்பும்போது இவர்: "இளநி வாங்கட்டா?"

"வேணாங்க."

"உதடு வெடிச்சுக் கிடக்கு. தண்ணி குடிக்க மாட்டேன்னு எதுக்கும் வேண்டுதலா?"

"ஆமா, வேண்டுதல்தான்."

நம்பிவிட்டார் பாவம்.

துணி: மல் மூன்று கெஜம், மஞ்சள் பூப்போட்டது ஒரு கெஜம். மறந்தது: தொட்டில் கயிறு.

பாவாடை கட்டின வயதில் முசிறியில் வரப்போரம் உட்கார்ந்து எழுந்தால் மண்ணில் குழி விழும். யார் குழி பெரிது என்று பந்தயம் வைப்போம். நான்தான் ஜெயிப்பேன். அந்த மாதிரி ஒரே ஒரு தடவை, ஒரே மூச்சில் போய்விட்டுப் புடவையை உதறி எழுந்து வந்தால் போதும். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன். சுகுணா கேட்டால் சிரிப்பாள்: "பாட்டி, சாமிகிட்ட கேக்குற வரமா இது?"

16-2, வியாழன்

மு.வ. மறுபடி! போன முறை முடிந்து ஒன்பது நாள்தான். எந்தக் கணக்கிலும் சேராது.

காலையில் குளிக்கும்போது சோப்புக் கை பட்டது. கீழே, வழியின் வாயிலேயே கொண்டைக் கடலை அளவு ஏதோ கெட்டியாக. தொட்ட கையில் ரத்தம்.

எலுமிச்சைச் செடிக்குப் பின்னால் துணி அலசிக் காயப் போடும்போது ஜானகி வந்துவிட்டாள். துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அத்தை, இது எத்தனை நாளா?"

எங்கே சிரிப்பாளோ என்று, "எல்லாம் அஞ்சு மாசமா. மறுபடி ஆரம்பிச்சுருச்சு போல" என்றேன்.

சிரிக்கவில்லை. துணிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அதான் முட்டி வலியா? எந்த வழியா வருதுன்னு பாத்தீங்களா அத்தை?"

"எந்த வழின்னா? வழி ஒண்ணுதானே."

அவள் என்னைப் பார்த்த பார்வை! அப்புறம் மெல்ல, பாடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஒன்றுக்குப் போகிற வழி வேறாம், பிள்ளை பிறக்கிற வழி வேறாம். நாலு பெற்றவள் நான். ஊரில் எத்தனை பிரசவத்துக்குக் கூட நின்றிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்றுதான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். ஐந்தாவதில் இதைச் சொல்லித் தரவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. குனிந்து பார்க்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது?

"ஒண்ணுக்குப் போறப்பதான் வருதா?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம். எப்போதும் அப்போதுதான்.

"திங்கக்கெழமை லேடி டாக்டர்ட்ட போறோம். முட்டி வலின்னு சொன்னா கால ஒடிப்பேன்" என்றாள். இருபத்தைந்து வருஷத்தில் ஜானகி என்னை இப்படிப் பேசியதில்லை. கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

20-2, திங்கள்

டவுனில் லேடி டாக்டர். வெயில் ஏறிவிட்டது. மாசியிலேயே இப்படி.

படுக்க வைத்து, விளக்கு வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு சுகுணாவுக்கு என்னென்ன பட்சணம் என்று எண்ணினேன்: சீடை, பொருள்விளங்கா உருண்டை, எள்ளடை. எள்ளடையில் நிறுத்திவிட்டேன், அவ்வளவு வலி.

"கர்ப்பப்பைல ஒண்ணும் இல்லம்மா. மூத்திரம் வர்ற குழாய் இருக்குல்ல, அதோட வாயில ஒரு கட்டி. அதுதான் வழிய அடைக்குது, அதுலேருந்துதான் ரத்தம் வருது. கொஞ்சம் சதை எடுத்து மெட்ராசுக்கு அனுப்புறேன். ஏன் இவ்வளவு நாள் வரல?"

நான் கேட்டது ஒன்றுதான். "அப்ப இது தீட்டு இல்லையா?"

"எந்தத் தீட்டு?"

ஜானகிதான் விளக்கினாள், மூன்று நாள் உட்கார்ந்ததையெல்லாம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். "அம்மா, காய் நறுக்கும்போது விரல் வெட்டிக்கிட்டா தீட்டா? புண்ணுலேருந்து வர்ற ரத்தம் இது."

ஜட்காவில் வாய்விட்டு அழுதேன். ஜானகி, "பயப்படாதீங்க அத்தை, சின்னக் கட்டிதான்" என்று முதுகைத் தடவினாள். கட்டிக்காக அழவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஏகாதசியன்று நான் சுத்தமாக இருந்திருக்கிறேன். தலை குளித்துவிட்டு எல்லோரோடும் நடந்து அந்த வாசலில் நுழைந்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை, நானே தடுத்துக்கொண்டேன். இனி அடுத்த மார்கழிக்குத்தான் திறப்பார்கள்.

சாயங்காலம் தாயார் சன்னதிக்குப் போனேன். எப்போது வந்துவிடுமோ என்ற பயத்தில் ஐந்து மாதமாகப் போகவில்லை. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கும்போதே முட்டிக்கொண்டு வந்தது. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

27-2, திங்கள்

மெட்ராசிலிருந்து பதில் வந்துவிட்டது. சீனுவும் இவரும் டாக்டரிடம் போய்விட்டு வந்தார்கள். இவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். சீனு மெல்ல ஜானகியிடம், "கான்சர்" என்றான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தானோ? எதிர்ச் சாரி வாத்தியார் சம்சாரம் போனது அதில்தானே.

கதவுக்குப் பின்னால் நின்று முழுவதும் கேட்டேன். மெட்ராசில் ரேடியம் வைக்க வேண்டுமாம். போக வர, ஆற, எல்லாம் சேர்த்து ஆறு வாரம். உடனே போனால் கட்டி கரைய நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். தள்ளிப் போட்டால் உள்ளே ஏறிவிடும்.

சீனு: "சுகுணாவுக்குத் தந்தி குடுத்துடலாம்ப்பா. சேலத்துல மாமியார் வீட்டுலயே பிரசவம் பாத்துக்கட்டும். ஜானகி அம்மாகூட மெட்ராஸ் போகட்டும்."

வெளியே வந்தேன். "தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வராதேன்னு தந்தி குடுப்பியா நீ? நான் ஒண்ணுக்குப் போகலங்கிறதுக்காக?"

"அம்மா, டாக்டர் ஒரு வாரம்கூடத் தள்ளாதீங்கன்னு சொல்றாங்க."

"அஞ்சு மாசம் போயாச்சு. பிள்ள பொறந்து கையில வாங்கிட்டு, மே மாசம் வரேன்னு சொல்லு."

"நீ சொல்றதக் கேட்டு கட்டி காத்திருக்குமா?"

இவர்: "விடுடா. அவ மாட்டேன்னா மாட்டாதான்."

ஜெயித்துவிட்டேன். ஜெயித்த மாதிரி இல்லை. ஒன்றே முக்கால் வருஷம் பார்க்காத பெண்ணை வாசலில் நின்று ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டி வர வேண்டும். வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை இந்தக் கட்டி பொறுக்கட்டும்.

2-3, வியாழன்

பொறுக்கவில்லை.

காலையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஆறு தடவை உட்கார்ந்தேன். வெந்நீர்த் தொட்டியில் இடுப்பு வரை இறங்கினேன். ஜானகி பக்கத்தில் நின்று குடத்துத் தண்ணீரை மெல்ல, மெல்லக் கல்லில் ஊற்றினாள், சத்தம் கேட்டால் வரும் என்று. "கண்ண மூடிக்குங்க அத்தை. காவிரில நிக்கிற மாதிரி நினைச்சுக்குங்க." மூன்று குடம் காலி. அவள் ஊற்றின தண்ணீர்தான் ஓடிற்று. வயிறு மத்தளம் மாதிரி. பதினோரு மணிக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பல்லைக் கடித்ததில் கீழ்ப் பல் ஒன்று ஆட்டம்.

டாக்சியில் ஆஸ்பத்திரி. நர்ஸ் ரப்பர் குழாய் போட்டாள். முதல் இரண்டு தடவை ஏறவில்லை. மூன்றாவதில் ஏறியது.

கீழே பேசினில் விழுந்த சத்தம். விட்டு விட்டு இல்லை, ஒரே தாரையாக. நிற்கவே இல்லை. கண்ணிலிருந்தும் கொட்டுகிறது.

"ஏன் பாட்டி சிரிக்கிறீங்க?"

"குழி விழுந்திருக்கும்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

லேடி டாக்டர் வந்தாள். திட்டவில்லை. "பேத்தி பிள்ளையத் தூக்கணும்னு ஆசையா இருக்கா? அப்ப இப்பவே கெளம்புங்க. மே மாசம்னா நான் சொல்ல ஒண்ணும் இருக்காது."

தூக்குவதற்காகத்தான் இருந்தேன். தூக்குவதற்காகத்தான் போகவும் வேண்டும் என்றால் என்ன செய்ய? சரி என்றேன்.

5-3, ஞாயிறு

வெயில். வேப்ப மரத்தில் கொழுந்து.

குழாயோடு வீடு. நுனியை மடித்து நூல் கட்டியிருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை அவிழ்த்துவிட வேண்டும். அசிங்கம்தான். ஆனால் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன், இரண்டு செம்பு.

முடிவு: இவரும் நானும் மெட்ராஸ். ஜானகி இங்கே சுகுணாவுக்கு.

ஜானகி: "உங்கள ஆயா கையில விட்டுட்டு நான் இங்க வளையல் அடுக்குவேனா? ரெண்டு பேரையும் பாக்க நான் ரெண்டா பொறக்கலையே அத்தை."

"உன் பொண்ணப் பாரு. எனக்கு இவரு இருக்காரு."

"மாமாவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது."

இவர் திண்டில் சாய்ந்தபடி: "தெரியும்." 

எல்லோரும் சிரித்தோம். 

எடுத்துப் போக: பழைய புடவை ஆறு. பேதி மாத்திரை. துளசி மணி. இந்த டைரி. இவருக்கு மூக்குப்பொடி.

சுகுணாவுக்குச் சொல்லி வைத்தவை: வளைகாப்பு ஆறு வாரம் தள்ள முடியாது, நான் வரக் காத்திருக்க வேண்டாம். பச்சை வளையல் கூட, சிவப்பு குறைய. ஜடையில் பூத் தைக்கிறவளிடம் தாழம்பூ சொல்லியாகிவிட்டது.

8-3, புதன், மெட்ராஸ்

புழுக்கம். வார்டில் இருபது கட்டில். ஆண்கள் பார்க்க வருவது சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரைதான். இவர் சத்திரத்தில். ஆயா பெயர் அம்சா, வாய் ஓயாது.

வெள்ளிக்கிழமை ரேடியம். சீனுவின் கைக்கடிகார முள்ளில் பச்சையாக மினுங்குகிறதே, அதே சாமானாம். ஊசி ஊசியாகக் கட்டியைச் சுற்றிக் குத்தி வைப்பார்களாம், மயக்கம் கொடுத்து. ஏழு நாள். அசையக் கூடாது.

சுகுணா ரயில் திங்கள் காலை இந்த ஊருக்கு வருகிறது. சாயங்காலம் எழும்பூரில் திருச்சி வண்டி. நடுவில் பகல் முழுவதும் இருக்கிறது! இவரிடம் சொல்லி ஸ்டேஷனிலிருந்து நேரே இங்கே கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிடலாம்.

13-3, திங்கள்

ஊசிகள் உள்ளே, நாலாம் நாள். தனி அறை. கட்டிலைச் சுற்றி ஈயத் தட்டி. நர்ஸ்கூட ஓடி வந்து ஓடிப் போகிறாள். எரிச்சல், பழுக்கக் காய்ந்த கம்பி மாதிரி. குழாய் கீழே பாட்டிலுக்குப் போகிறது, சொட்டுகிற சத்தம் கேட்கிறது. படுத்தபடி எழுதுகிறேன், எழுத்துக் கோணல்.

காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு.

பதினொன்றரைக்கு அம்சா தலையை நீட்டினாள். "உங்க பேத்தி வந்திருக்காங்க. கீழ நிறுத்திட்டாங்க."

"ஏன்?"

"வயித்துப் பிள்ளக்காரி இந்தப் பக்கமே வரக் கூடாதும்மா. உங்க ஒடம்புல இருக்கிறது பிள்ளைக்கு ஆவாது. வாசல் கேட்டு கிட்டயே சிஸ்டர் மறிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு சண்டை போடுது. இங்கிலீஷ்ல."

இங்கிலீஷில். என் சுகுணா.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வரச் சொல்லியிருக்க மாட்டேன். "போகச் சொல்லு. கிட்ட வராதேன்னு பாட்டி சொன்னாங்கன்னு சொல்லு, ஓடு."

"ஜன்னலுக்கு நேரா மரத்தடில நிக்குது. ஊதாப் புடவை."

ஜன்னல் பத்தடிதான். எழ முடியாது.

அப்போது கீழேயிருந்து, "பாட்டீ!" கொல்லையிலிருந்து வாசலுக்குக் கூப்பிடுவாளே, அதே குரல். "பாட்டீ! நான்தான்! நல்லா இருக்கேன்! உதைக்குது பாட்டீ!"

பதிலுக்குக் கத்தினேன். அடிவயிற்றில் பிடித்துக்கொண்டது. கேட்டதோ என்னவோ.

"அம்சா, எப்படி இருக்கா? வயிறு முன்னால தள்ளி இருக்கா, பக்கவாட்டுல பரந்திருக்கா?"

அம்சா ஜன்னலில் எக்கிப் பார்த்தாள். "புடவையப் போத்திக்கிட்டு நிக்குது. தெரியல."

14-3, செவ்வாய்

எரிச்சல் கொஞ்சம் மட்டு. டாக்டர் பார்த்துவிட்டு, கட்டி சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். குழாய் எடுத்த பிறகு தானாகப் போகும் என்கிறார். சித்திரை பாதியில் வீடு. அவள் நாள் வைகாசி ஆரம்பம். பார்ப்போம்.

சுகுணாவுக்குக் கடிதம். இவர் நாலு மணிக்கு வந்து தபாலில் போட வேண்டும். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன், அடித்தல் இல்லாமல் இருக்க.

சௌபாக்கியவதி சுகுணாவுக்கு ஆசீர்வாதம். நீ கூப்பிட்டது கேட்டது. நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டதா, எழுது. சிஸ்டரிடம் கோபம் வேண்டாம், அவள் செய்தது சரி. தண்ணீர் நிறையக் குடி, ஒன்றுக்கு வந்தால் அடக்காதே, எரிந்தாலும் ரத்தம் கண்டாலும் வெட்கப்படாமல் அம்மாவிடம் அன்றைக்கே சொல். வளைகாப்பு அன்று பூத் தைத்து, ஸ்டூடியோவில் ஜடை தெரியப் பின்னால் கண்ணாடி வைத்துப் படம் எடுப்பார்கள். எடுத்த உடனே எனக்கு ஒன்று தபாலில் அனுப்பு. தலையும் ஜடையும் மட்டும் எடுத்து அனுப்பிவிடாதே. பக்கவாட்டில் திரும்பி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நில். வயிறு தெரிய வேண்டும்.